டெக்கில் பதிந்த அந்தப் பழைய படம்: கேசட்டிலிருந்து கணினிக்கு

சின்ன வயதில் திரும்பத் திரும்பப் பார்த்த படம் இன்று இணையத்தில் தெளிவாகவே கிடைக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் ஓடியபோது வீட்டு டெக்கில் (வி.சி.ஆர்.) பதிந்த வீடியோ கேசட்டில் படம் மட்டுமா இருக்கிறது? நடுவில் வந்த விளம்பரம், அறிவிப்பாளர் முகம், யாரோ அவசரமாக நிறுத்தி மறுபடி பதிந்த இடம், படம் முடிந்தபின் மிஞ்சிய நாடாவில் ஏறிய வேறு ஏதோ ஒன்று, எல்லாம் இருக்கும். காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.

கேசட்டை உடனே டெக்கில் தள்ளிவிடாதீர்கள். கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடியோ புள்ளியோ தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டினால், டெக்கினுள் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே வைத்து, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால், முதுகுப் பக்கத்து மூலையில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாக ரெக்கார்டு அழுத்தினாலும் பதியாது.

இந்தக் கேசட்டை ஓட்டும் வி.எச்.எஸ். டெக் தயாரிப்பு 2016-லேயே நின்றுவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் பழையதுதான். உள்ளே பெல்ட் தளர்ந்திருக்கும், ரப்பர் உருளை இறுகியிருக்கும். நாடாவை இழுத்துக் கசக்குவது இதனால்தான். அதனால் போனால் போகட்டும் என்கிற கேசட் ஒன்றை முதலில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். படம் முழுக்கப் பொறி போலப் புள்ளிகள் பறந்தால் ஹெட் அழுக்கு. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துண்டை, ஹெட் பொருத்தியிருக்கும் உருளையான டிரம்மின் மேல் அசையாமல் பிடித்து, டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். காது குடையும் பஞ்சுக்குச்சி கூடவே கூடாது, நூல் சிக்கிக்கொள்ளும்.

நல்ல கேசட்டைக் கடைசி வரை ஓட்டி, மறுபடி தொடக்கத்துக்குச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் அசையாத நாடாவின் இறுக்கம் சீராகும். நடுவில் கீச்சென்று சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

டெக்கின் மஞ்சள் வீடியோ முனையையும் ஆடியோ முனையையும் படத்தைக் கணினிக்குக் கொண்டுபோகும் யு.எஸ்.பி. கேப்சர் கருவியில் செருகி, கணினியில் ஓ.பி.எஸ். போன்ற மென்பொருளில் பதியுங்கள். நம் ஊர்ப் பதிவு பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை: 720-க்கு 576, வினாடிக்கு 25 பிரேம். அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி. என்று விட்டால் படம் கறுப்புவெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். பல டெக்குகளில் ஆடியோ முனை ஒன்றுதான். மோனோ என்று குறிக்காவிட்டால் ஒரு காதில் மட்டும் கேட்கும். வினாடிக்கு எட்டு மெகாபிட்டில் பதிந்தால் மணிக்கு சுமார் 3.6 ஜி.பி., மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 11 ஜி.பி. ஆகும். கோப்பு வகை எம்.கே.வி.யாக இருக்கட்டும், நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும். அசையும் இடங்களில் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால், அதை நீக்க மென்பொருளில் டீஇன்டர்லேஸ் செய்ய வேண்டும். அகலத் திரைக்காக இழுத்து நீட்டாதீர்கள், பழைய டி.வி.யின் 4:3 வடிவம் அப்படியே இருக்கட்டும். அடியில் துடிக்கும் ஓரிரு கோடு டெக்கின் இயல்பு. விளம்பரங்களை வெட்டாதீர்கள்.

பதிந்த படத்தை வீட்டில் போடும்போது பெரியவர்கள் பக்கத்தில் உட்காரட்டும். ஒலியைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்து, அவர்கள் பேச்சைப் பதிய செல்போனை ஒலிப்பதிவில் போட்டு முன்னால் வையுங்கள். சத்தமாக வைத்தால் செல்போனில் வசனம்தான் பதியும், பேச்சு பதியாது. 'ஞாபகம் இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கே' என்பதோடு முடிந்துபோகும். ஆண்டெனாவைத் திருப்ப மொட்டைமாடிக்கு ஏறியது யார், டி.வி. இல்லாத எந்த வீட்டுப் பிள்ளைகள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள், இந்த விளம்பரத்தின்போது யார் எழுந்து அடுப்படிக்குப் போவார் என்று கேளுங்கள். பேச்சு கிளம்பிவிட்டால் படத்தை நிறுத்துங்கள், பேசுகிறவரை நிறுத்தாதீர்கள். படம் எந்த நிமிடத்தில் நின்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேசட் முதுகில் இருக்கும் கையெழுத்தையும் போட்டோ எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். ஒரு நகல் கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், மற்றொன்று வேறு ஊர்ச் சொந்தக்காரரிடம். கேசட்டைக் குப்பையில் போடாமல், ஸ்பீக்கருக்கு அருகிலும் வைக்காமல், ஈரம் படாத அலமாரியில் நெட்டுக்குத்தாக நிறுத்திவையுங்கள்.