நேராகப் பறக்கும் பட்டர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் திடலில் டிஸ்க் கோல்ஃப், அதாவது வட்டை வீசிச் சங்கிலிகள் தொங்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டம், பழக வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கூடைக்கு அருகிலிருந்து வீசும் மெதுவான வட்டுதான் பட்டர்; அதை வாங்குவதில் பழைய தவறுகளே புது முகங்களோடு திரும்பி வருகின்றன. எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்களை அரைகுறையாகப் படிப்பது

வட்டின் மேல் வேகம், மிதப்பு, திருப்பம், சரிவு என நான்கு எண்கள் இருக்கும். நேர்கோட்டுக்குக் கடைசி இரண்டையும் பாருங்கள். வலக்கையால் புறங்கை வீச்சு வீசுபவருக்குத் திருப்பம் வட்டை வலப்பக்கம் கொண்டுபோகும். சரிவு இறுதியில் இடப்பக்கம் இழுக்கும். இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் பட்டருக்கு 2, 3, 0, 1. அதே நிறுவனத்தின் நோவா பட்டருக்கு 2, 3, 0, 0. கடைசி இரண்டு எண்களும் சுழியத்தை ஒட்டியிருப்பதால் இரண்டும் நேராகப் போகக்கூடியவை.

பெயரை நம்பி, பிளாஸ்டிக்கை மறப்பது

இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, அதுதான் கோபம் வருகிறது.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் ஒரு தம்பி, தேய்ந்துபோன என் பட்டரை வாங்கி வீசிப் பார்த்தார். அம்புபோல் போனது. உடனே அதே பெயர், அதே எண்கள் கொண்ட வட்டை, பளபளக்கும் விலை உயர்ந்த பிளாஸ்டிக்கில் இணையம் வழி வாங்கிவிட்டார். அது ஒவ்வொரு வீச்சிலும் கடைசியில் இடப்பக்கம் சாய்ந்தது. அவரோ தன் மணிக்கட்டுதான் பிழை என்று நினைத்துப் பிடியை மாற்றினார். வட்டுக்குக் கொடுத்த பணம் கூடப் பரவாயில்லை. நன்றாக இருந்த வீச்சு கெட்டுப்போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எண்கள் பெரும்பாலும் வட்டை வார்க்கும் அச்சுக்கு உரியவை. ஒரே அச்சில் வார்த்தாலும் ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஆறி இறுகும் விதம் வேறு. விளிம்பின் உயரம் சற்று மாறினாலே பறப்பு மாறிவிடும். விலை உயர்ந்த கடினப் பிளாஸ்டிக் புதிதில் பொதுவாக அதிகம் சரியும்; அந்தக் குணம் எளிதில் போகாது. மலிவான பிளாஸ்டிக் கூடைச் சங்கிலியிலும் தரையிலும் அடிபட்டுத் தேயத் தேய, சரிவு குறைந்து நேராகிக்கொண்டே வரும். மாலை மழையில் நனைந்த கைக்கும் அதன் சொரசொரப்பே பிடிமானம். ஆகவே மலிவானதிலேயே தொடங்குங்கள். ஒரே அச்சு, ஒரே பிளாஸ்டிக், ஒரே எடையில் இரண்டு வாங்குங்கள்.

கூடைக்கு அருகில் மட்டும் சோதிப்பது

10 மீட்டர் வட்டத்துக்குள் பெரும்பாலான பட்டர்கள் நேராகத்தான் போகும். 40 மீட்டர் தள்ளி நின்று தாழ்வாக வீசுங்கள். வேகம் தணியும் கடைசிக் கட்டத்தில்தான் வட்டின் குணம் தெரியும்.

எடை

விதிப்படி விட்டத்தின் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரை அனுமதி. 21.2 சென்டிமீட்டர் பட்டருக்கு அது சுமார் 176 கிராம். திடலில் காற்று அதிகம் என்றால் அந்த எல்லைக்கு அருகிலேயே எடுங்கள்.

பச்சை நிறம்

வேண்டாம். செம்பனை மட்டைகளுக்கு நடுவே கண்ணில் படாது.

வெயிலில் நிற்கும் கார்

வட்டை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் நெளிந்த வட்டு நேராகப் பறக்காது.