ஆம்ப் வாங்கும் முன் 300 ஓம் வரியைப் பாருங்கள்
சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் (மின்தடையின் அளவு) ஹெட்போனுக்கு ஆம்ப், அதாவது ஒலி சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், தேடுகிறீர்களா? பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் கணக்கை விட்டுவிட்டு, விவரப் பட்டியலில் 300 ஓமில் எத்தனை மில்லிவாட் என்று பாருங்கள். 100 இருந்தால் தாராளம், அதற்கு மேல் காசு கொட்ட வேண்டாம்.

பெட்டியில் போடுவது பெரும்பாலும் 32 ஓம் கணக்கு. ஓம் கூடினால் அதே வோல்டேஜில் கிடைக்கும் பவர் குறையும். எச்டி 600 ஒரு வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் சத்தம் தரும். பாட்டில் மிருதங்கம் அதிரும் கணத்தில் 110 டெசிபல் எட்ட சுமார் நாலரை வோல்ட், அதாவது 67 மில்லிவாட் போதும். அதுவே காதுக்கு ரொம்ப அதிகம். தொடர்ந்து அந்த அளவில் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஹைஃபைமேன் சுந்தரா மாதிரி 37 ஓம் பிளானர் (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தரும் வகை) ஹெட்போனுக்கு இது பொருந்தாது. அதற்குக் கரண்ட்தான் அதிகம் வேண்டும், அங்கே 32 ஓம் வரியைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், இப்போதிருக்கும் போனிலேயே முக்கால் வால்யூமில் சத்தம் போதுமென்றால் ஆம்ப் வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.