'பாலிஹூ': ஒரு கொச்சைச் சொல்லின் பிறப்பை ஆராயும் முறை

ஒன்றைப் பற்றி அளவுக்கு மீறி எழுப்பப்படும் விளம்பர ஆரவாரத்தை அமெரிக்க ஆங்கிலப் பேச்சுவழக்கு 'பாலிஹூ' என்கிறது. இன்று 'ஹைப்' என்ற சொல்லே பரவலாக வழங்கினாலும், சொற்பிறப்பு ஆராயப் பழகுவோர்க்குப் பாலிஹூவைப் போன்ற நல்ல பயிற்சி எளிதில் வாய்க்காது.

முதலில், அச்சில் கிடைக்கும் பழைய பொருள்களைக் காலவரிசைப்படுத்துங்கள். 1901-ஆம் ஆண்டளவில் இச்சொல் பொதுவான விளம்பரத்தைக் குறிக்கவில்லை. சர்க்கஸ் திடலின் பக்கக் கூடாரங்களில், உள்ளே நடக்கவிருக்கும் காட்சியின் ஒரு சிறு பகுதியை வாசலில் இலவசமாகக் காட்டிக் கூட்டம் சேர்ப்பதையே அத்தொழிலில் இருந்தவர்கள் இவ்வாறு அழைத்தனர். 1908 அளவில் அது எல்லா வகை விளம்பர ஆரவாரத்தையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே, பிறப்பைத் தேட வேண்டிய இடம் அந்தக் கூடார வாசல்தான். இன்றைய பொருளிலிருந்து நேராக ஊகிக்கத் தொடங்கினால் தேடல் திசைமாறும்.

அடுத்து, சொல்லப்படும் கதைகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் அந்த வாசல்வரை வந்து சேர்கிறதா என்று பாருங்கள். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பாலிஹூலி என்ற சிற்றூர் உண்டு. ஒலி பொருந்துகிறது, ஆனால் ஒலி மட்டுமே பொருந்துகிறது. கரீபியக் கடலில் ஓடிய ஒருவகைப் பாய்க்கப்பலின் ஸ்பானியப் பெயரை ஒட்டி, அவலட்சணமான கப்பல்களை ஆங்கில மாலுமிகள் ஏறத்தாழ இதே ஒலியில் இகழ்ந்தார்கள். அந்த இகழ்ச்சி கரையேறிக் கூடாரத்துக்கு வந்த வழியைக் காட்டச் சான்று இல்லை. பாலிஹூ என்றே பெயர் கொண்ட மீன் ஒன்று, பெரிய மீன்களுக்குத் தூண்டில் இரையாகப் பயன்படுகிறது. கூட்டத்தை ஈர்க்கும் இரை என்று விளக்க மனம் உடனே தாவும். இவ்வளவு கச்சிதமாக அமையும் விளக்கத்தையே மிகுதியும் ஐயுற வேண்டும் என்பது என் கருத்து. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்த கலைஞர்கள் எழுப்பிய அரபு முழக்கமே இச்சொல்லாயிற்று என்ற கதை, காலத்தாலும் களத்தாலும் மற்றவற்றைவிட நெருங்கி வருகிறது. ஆனாலும் நெருக்கம் சான்றாகிவிடாது.

கதைகள் இவ்வாறு தேறாதபோது, அகராதிகள் செய்வதைப் போலவே, பிறப்பு அறியப்படவில்லை என்று தயங்காமல் எழுதுங்கள். சொல்லை ஆளும்போதும் கவனம் தேவை: அதில் இகழ்ச்சி கலந்திருப்பதால், நேர்மையான அறிவிப்பு எதற்கும் அதனைப் பயன்படுத்தக் கூடாது.