புது ஸ்போர்ட்ஸ் காரை தண்டையார்பேட்டை சந்துக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்வது எப்படி?

போன வருஷம் இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். ஹார்பரில் கிளியரிங் வேலை, இருபத்திரண்டு வருஷச் சேமிப்பு, வீட்டில் மூன்று மாசச் சண்டை, எல்லாம் சேர்ந்து வந்த வண்டி. அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிற கேள்வி, "நம்ம ஏரியால இத்த வச்சிக்கினு எப்படிப்பா ஓட்ற?" என்பதுதான். ஒவ்வொருத்தருக்கும் டீக்கடையில் நின்று சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்று. வேகமாகப் போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதை வண்டி பார்த்துக்கொள்ளும். டி.எச். ரோட்டிலிருந்து (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) திரும்பி உங்கள் வீட்டு வாசல் வருகிற வரை ஒரு 400 மீட்டர் இருக்கிறதே, அதில்தான் எல்லா வேலையும்.

படி 1: அட்வான்ஸ் கட்டும் முன் தெருவை அளந்துபாருங்கள்

இதைச் செய்யாமல் புக் பண்ணாதீர்கள். பிரவுச்சரில் இரண்டு அளவு பாருங்கள். ஒன்று வீல்பேஸ், அதாவது முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை உள்ள நீளம். இன்னொன்று கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. என் வண்டிக்கு 2.47 மீட்டர், 12 செ.மீ.

மரக்கடையில் நல்ல நேரான ரீப்பர் கட்டை ஒன்று வாங்குங்கள். வீல்பேஸ் நீளத்தைக் குறித்து, குறித்த இரண்டு இடத்திலும் கிளியரன்ஸ் உயரத்துக்குக் கால் அடித்துவிடுங்கள். முன்பக்கம் மட்டும் கட்டையை இன்னும் மூன்றடி நீட்டி விடவேண்டும், அதுதான் பம்பர் மூக்கு. மூக்கில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மெயின் ரோட்டிலிருந்து வீடு வரை இழுத்துக்கொண்டு வாருங்கள். எங்கே கட்டையின் வயிறு தேய்கிறதோ அங்கே வண்டியின் வயிறும் தேயும். எங்கே மூக்கு இடிக்கிறதோ அங்கே பம்பர் போகும்.

நான் இழுத்தபோது எதிர்வீட்டு ஆயா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே, "இன்னாடா, காரு வாங்கப் போறேன்னு கட்டைய இழுத்துக்கினு போற?" என்றார். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கட்டை அன்று எனக்கு மூன்று இடத்தைக் காட்டிக்கொடுத்தது: தெருமுனை ஸ்பீடு பிரேக்கர், பாதாளச் சாக்கடை மூடி மேடாக நிற்கும் இடம், அப்புறம் என் வீட்டுச் சாய்தளமே.

ஸ்பீடு பிரேக்கருக்கு ஒரு அளவு உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இந்திய சாலை காங்கிரஸ் (கட்சி இல்லை, சாலைக்கு விதி எழுதும் அமைப்பு) சொல்வது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படி அகலமாகச் சரிந்து ஏறி இறங்கினால் தாழ்ந்த வண்டியும் மெதுவாகப் போய்விடும். நம் தெருவில் இருப்பது, யாரோ வீடு கட்டி மிச்சமான கான்கிரீட்டை ராத்திரியில் குவித்துவிட்டுப் போனது. உயரம் என் வண்டியின் 12 செ.மீ.க்கும் மேலே, அகலம் ஒரு முழம். இதில் நேராக ஏறினால் முன் சக்கரம் இரண்டும் தாண்டியதும் வயிறு உட்கார்ந்துவிடும். குறுக்காக ஏறுங்கள்: ஸ்டியரிங்கை ஒடித்து முதலில் ஒரு முன் சக்கரம், அப்புறம் அடுத்தது, அதே மாதிரி பின்னாடி ஒவ்வொன்றாக. பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

வீட்டுச் சாய்தளத்துக்குப் பலகைதான் வழி. காசிமேட்டில் படகுக்கு மரவேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் இரண்டு அங்குலக் கனத்தில், நாலடி நீளத்தில் இரண்டு பலகை வாங்கினேன். ஒரு முனையை அவரே சீவிக் கொடுத்தார். சாய்தளம் தொடங்கும் இடத்துக்கு முன்னால் போட்டால் சக்கரம் கொஞ்சம் முன்பே உயர ஆரம்பித்துவிடும், மூக்கு தப்பிக்கும்.

படி 2: பணக் கணக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு சாலை வரி 20 சதவீதம். 80 லட்ச வண்டி என்றால் 16 லட்சம் வரிக்கே போகும். மேலே டி.சி.எஸ். (விற்பவரே நம்மிடம் பிடித்துக் கட்டும் வருமான வரி) 1 சதவீதம், 80,000 ரூபாய் பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம், ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இன்சூரன்ஸில் ஜீரோ டெப்ரிஷியேஷன் (பாகம் பழசு என்று கழிக்காமல் தருவது) மாதிரியே இன்ஜின் புரொடெக்ஷனையும் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று மழைக்காலம் வரும்போது சொல்கிறேன்.

படி 3: பதிவு ஆவதற்கு முன் வண்டியைப் பாருங்கள்

டிஎன் 03-ஓ, 04-ஓ, உங்கள் பேரில் நம்பர் விழுந்துவிட்டால் வண்டி உங்களுடையது, அதன் குறையும் உங்களுடையது. அதனால் பதிவுக்கு அனுப்பும் முன், பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். சேசிஸ் நம்பர் பேப்பரில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, ஓடோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர், சக்கர ரிம்மில் உரசல் உண்டா, பார்த்துக்கொள்ளுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3224 என்றால் 2024-ஆம் வருஷம் 32-வது வாரம் செய்த டயர். நாலு டயரிலும் ஏறக்குறைய ஒரே காலம்தான் இருக்கவேண்டும்.

பெயின்டை செல்போன் டார்ச்சை சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். இதில் நான் ஏமாந்தேன். முதல் தடவை பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்த பானெட், டெலிவரி அன்று பார்த்தால் வட்ட வட்டமாகச் சிலந்தி வலை மாதிரி கீறல். என்னைச் சந்தோஷப்படுத்த யாரோ ஒரு ஷோரூம் பையன் தூசியோடு சேர்த்து உலர்ந்த துணியால் தேய்த்திருக்கிறான், பாவம், அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டெலிவரிக்கு முன் கழுவவேண்டாம், துடைக்கவேண்டாம், பாலிஷ் போடவேண்டாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

படி 4: டெலிவரி நாள்

ஞாயிற்றுக்கிழமை காலையாக வாங்குங்கள். கன்டெய்னர் டிரெய்லர் நெரிசல் கொஞ்சம் குறைவு, ராகு காலமும் சாயங்காலம் 4.30-க்குத்தான், வீட்டில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். கையெழுத்துப் போடும் முன் இரண்டு சாவி, பஞ்சர் கிட், வீல் லாக் நட்டுக்கான தனிச் சாவி, இழுவைக் கொக்கி எல்லாம் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டெப்னி கிடையாது. அந்தச் சின்ன பஞ்சர் கிட்தான் ஸ்டெப்னி.

பூஜைக்கு திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், தேங்காய், எல்லாம் முறைப்படி. சந்தனம் குங்குமம் கண்ணாடியில் வைத்தால் ஒன்றும் ஆகாது. பானெட்டில் வைத்தால் வெயிலில் காயும் முன் தண்ணீர் ஊற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அப்புறம் எலுமிச்சை மிளகாய்க் கொத்து. அதை மாமியார் ஆசையாக முன் கிரில் நடுவில் கட்டிவிட்டார். கிளம்பி ஐந்து நிமிஷத்தில் டேஷ்போர்டில் முன் சென்சார் மறைக்கப்பட்டுள்ளது என்று எச்சரிக்கை. ரேடார் சரியாக அந்த மிளகாய்க்குப் பின்னால். இப்போது கொத்து பின் பம்பருக்குக் கீழே தொங்குகிறது. திருஷ்டி பின்னாலிருந்தும் வரும்தானே.

படி 5: முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்

புது இன்ஜினைப் பழக்கவேண்டும். சில கம்பெனி 2,000 கி.மீ. என்கிறது, சில 3,000, உங்கள் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதம். அதுவரை ஆர்.பி.எம்.மை (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றும் வேகம்) உச்சத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், ஒரே வேகத்திலும் நீண்ட நேரம் போகாதீர்கள். புது டயர் மேல் வழுவழுப்பான பூச்சு இருக்கும், பிரேக் பேடும் டிஸ்க்கும் இன்னும் ஒன்றுக்கொன்று பழகியிருக்காது, அதனால் முதல் 300 கி.மீ. தாத்தா மாதிரி ஓட்டுங்கள். பழகின பிறகும் ஆயில் சூடாகும் வரை ஆக்சிலேட்டரை மிதிக்கக்கூடாது. ரேடியேட்டர் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும், ஆயில் மெதுவாகத்தான் ஏறும், பார்க்கவேண்டியது ஆயில் முள்ளை.

பெட்ரோல் மூடியின் உள்பக்கம் என்ன ஆக்டேன் (பெட்ரோலின் தரத்தைக் காட்டும் எண்), எவ்வளவு எத்தனால் வரை தாங்கும் என்று ஸ்டிக்கர் இருக்கும். மணலியில் ரிஃபைனரியை வைத்துக்கொண்டு 100 ஆக்டேன் பெட்ரோலுக்காக நான் ஊரைத் தாண்டிப் போவது தனிக் கதை.

சென்னை நகரின் மெயின் ரோடுகளில் காருக்கு வேக வரம்பு 60 கி.மீ. பழக்கி ஓட்ட நமக்கு வசதியான இடம் மீஞ்சூரில் ஏறி வண்டலூர் வரை போகும் வெளிவட்டச் சாலை, 62 கி.மீ. விடிந்த பிறகு போங்கள், இருட்டில் ஓரமாக லைட் இல்லாமல் லாரி நிற்கும். ரேஸ் விட ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. அது 1990-ல் வருவதற்கு முன் சென்னையின் கார் ரேஸ் நடந்ததெல்லாம் நம் பக்கம் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில். என் அப்பா சைக்கிளில் போய்ப் பார்த்தவர். நான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதற்கு யாரைத் திட்டுவது என்று என் மனைவிக்கு நன்றாகத் தெரியும்.

படி 6: சாம்பல், உப்பு, மீன் தண்ணி

தென்சென்னைக்காரர்களுக்கு இது புரியாது. ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் விரலால் தொட்டால் பானெட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு மாவு ஒட்டும். அனல்மின் நிலையச் சாம்பல், டிரெய்லர் தூசி, கடல் உப்பு எல்லாம் கலந்தது. விரல் நுனியில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி நறநறக்கும். இதன் மேல் துணி வைத்தால் நீங்களே உங்கள் பெயின்டைத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். இந்தத் தூசியின் மேல் கவர் போட்டாலும் அதே கதிதான், காற்றில் கவர் ஆட ஆட ராத்திரி முழுக்கத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

முதலில் ஹோஸ் வைத்து மேலிருந்து கீழாக வெறும் தண்ணீர், ஐந்து நிமிஷம். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் நல்ல தண்ணீர். மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் விடவேண்டும். அலசிய வாளியின் அடியில் படியும் கறுப்பு மண்ணைப் பார்த்தால் ஏன் இரண்டு வாளி என்று கேட்கமாட்டீர்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், வெள்ளைத் திட்டு விழும். மெட்ரோ வாட்டர் வரும் நாளில் ஒரு டிரம் பிடித்து வையுங்கள்.

மீன் லாரி பின்னால் போகாதீர்கள். ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணி பிரேக் டிஸ்க்கில் பட்டால் மறுநாளே செந்துரு தெரியும், நாற்றம் மூன்று நாள் இருக்கும். கழுவி முடித்ததும் தெருவை ஒரு சுற்று சுற்றி நாலு தடவை பிரேக் மிதித்து, டிஸ்க்கைக் காயவைத்து நிறுத்துங்கள்.

படி 7: மழை

இந்த வண்டிகளில் இன்ஜின் காற்று இழுக்கும் வாய் தாழ்வாக இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்தால் சாதாரண பாலிசி கைவிரிக்கும் வாய்ப்பு அதிகம், இன்ஜின் புரொடெக்ஷன் அதற்குத்தான். இருந்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். வண்டியை அப்படியே மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் லாரியை மட்டும் கூப்பிடுங்கள், கயிறு கட்டி இழுக்கும் வேலையே வேண்டாம்.

அக்டோபர் பிறந்துவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சப்வே நமக்குக் கிடையாது. புயல் என்று சொன்னால் முந்தின நாளே மேடான இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சுவரெல்லாம் கறுப்பாகப் பிடித்தது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டியை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. மூன்று வாரம் எடுக்காமல் நிறுத்தினால் பேட்டரிக்கு மெயின்டெய்னர் (சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி) போட்டுவிடுங்கள், எலிக்கு வலைக்கூண்டு வையுங்கள்.

படி 8: தெருவோடு

காலை ஐந்து மணிக்கு ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் முதல் ஒரு நிமிஷம் ஊரையே எழுப்பும். பக்கத்து வீட்டில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுப்பவர் இருக்கிறார், அவரிடம் முதல் வாரமே போய்ப் பேசிவிட்டேன். பஞ்சர் கடைக்குப் போனால் ஜாக்கி வைக்கும் இடத்தை நீங்களே காட்டுங்கள், கண்ட இடத்தில் வைத்தால் பக்கவாட்டுத் தகடு மடங்கிவிடும். பிள்ளைகள் தொடத்தான் செய்வார்கள். விரட்டினால் ஆணியால் கோடு விழும், கதவைத் திறந்து ஒரு தடவை உட்காரவைத்தால் அவர்களே காவல் காப்பார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் "எவ்ளோ குடுக்குது?" என்று மைலேஜ் கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள், ஏழு. "அய்ய, என் ஆட்டோவே மேலுப்பா" என்பார்கள். உண்மைதான்.

பலகை போடும் வேலையை மாடி வீட்டுப் பையன் எடுத்துக்கொண்டான், பதினொன்றாவது படிக்கிறான். தெருமுனையில் சத்தம் கேட்டதும் இரண்டு பலகையையும் கொண்டுவந்து வாசலில் சரியாக அதே இடத்தில் வைத்துவிட்டு, "வா வா, லெஃப்ட்ல ஒடிண்ணே, போதும்" என்று சைகை காட்டுவான். கூலி, வாரத்துக்கு ஒரு தடவை மின்ட் மணிக்கூண்டு வரை போய்வரும் ஒரு ரவுண்டு. போன மாசத்திலிருந்து அவன் தம்பியும் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வண்டியில் காலியாக இருப்பதோ ஒரே சீட்டு.