குதிரை லாயத்தில் பறவைகள் கூடு கட்டாமல் தடுப்பது எப்படி?

உயரமான கூரை, நல்ல காற்றோட்டம், கீழே சிந்திக் கிடக்கும் கொள்ளும் ஓட்ஸும், பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி: இவை அனைத்தும் ஓரிடத்தில் அமைந்த குதிரை லாயத்தைப் பறவைகள் தேடி வருவது இயல்பே. வெளிநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் தகைவிலானைப் பற்றியே பேசுகின்றன; தமிழகச் சமவெளிக்கு அது குளிர்காலத்தில் வலசை வருமே தவிர, இங்கே கூடு கட்டுவதில்லை. நம் லாயங்களில் கூடு வைப்பவை பெரும்பாலும் மாடப்புறா, சிட்டுக்குருவி, மைனா ஆகிய மூன்றும்தான். ஆகவே இந்த மூன்றின் வழக்கத்தை அறிந்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

உத்திரத்தில் ஒரு கூடு இருப்பதால் என்ன கேடு என்று சிலர் கேட்பதுண்டு. கூட்டுக்கு நேர் கீழே தீவனத் தொட்டி இருக்குமானால், எச்சம் தீவனத்திலும் தண்ணீரிலும் விழுந்து சால்மொனெல்லா போன்ற கிருமிகளைக் குதிரையின் குடலுக்குக் கொண்டு சேர்க்கும். காய்ந்த எச்சம் தூசியாகி, குதிரையின் மூச்சிலும் லாயத்தில் வேலை செய்பவர்களின் மூச்சிலும் கலக்கும். குஞ்சுகள் பறந்துபோன பின் கூட்டில் தங்கிவிடும் உண்ணிப் பேன்கள் இரை தேடிக் கீழிறங்கி, குதிரையின் தோலில் கடித்து அரிப்பை உண்டாக்கும். இவற்றுக்கும் மேலாக, சிட்டுக்குருவி மின்பெட்டியிலும் விளக்கின் மேலும் திணித்து வைக்கும் உலர்ந்த வைக்கோல், தீப்பற்றக்கூடிய பொருள் நிறைந்த லாயத்தில் பெரும் ஆபத்தாகும்.

எப்போது தடுப்பது என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தன் பட்டியலில் உள்ள பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டையாடுதல் என்பதற்குள் சேர்த்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, தாய் வெளியே நிற்க, குஞ்சுகள் உள்ளே பட்டினியில் சாகும்படி வழியை அடைப்பது எந்த லாயத்துக்கும் தகாது. செத்த குஞ்சுகளின் நாற்றமும் ஈயும் பிறகு குதிரையையே வருத்தும். எனவே முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும் வரை சிட்டுக்குருவிக்கு ஏறக்குறைய ஒரு மாதமும், மைனாவுக்கு ஒன்றரை மாதமும், புறாவுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் ஆகும். புறா ஆண்டு முழுவதும் ஈடுவைத்துக்கொண்டே இருப்பதால், ஓர் ஈட்டுக் குஞ்சுகள் வெளியேறியவுடன் அடுத்த முட்டை விழுவதற்குள் வேலையை முடித்துவிடுவது அவசியம். அதுவரை அந்தக் கூட்டின் கீழே ஒரு பலகையை அடித்து எச்சத்தைத் தாங்கச் செய்யலாம். தீவனத் தொட்டியை வேறு மூலைக்கு மாற்றலாம்.

வழிகளைக் கண்டுபிடிக்கக் காலையில் அரைமணி நேரம் லாயத்தின் நடுவே அசையாமல் நின்று, பறவை எங்கே நுழைகிறது, எங்கே அமர்கிறது என்று பார்ப்பதே சிறந்த முறை. அலைத்தகரக் கூரை சுவரைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு அலையின் கீழும் இருக்கும் இடைவெளி, வாய் திறந்த சதுர இரும்புக் குழாய், முகட்டுத் தகடு தூக்கி நிற்கும் இடம் ஆகிய இம்மூன்றையும் பலர் பார்க்கத் தவறுகிறார்கள். இரண்டு விரல் நுழையும் துளை சிட்டுக்குருவிக்குப் போதும். இத்தகைய துளைகளைச் சிமெண்டுக் கலவையாலோ துத்தநாகம் பூசிய அரை அங்குலக் கம்பிவலையாலோ அடைக்க வேண்டும். ஸ்பஞ்சும் தெர்மாகோலும் வைத்தால் கொத்திப் பிய்த்துவிடும். குழாய் முனைகளுக்கு மூடி போடுவது மிகச் சிறிய செலவில் முடியும் வேலை.

ஆனால் காற்று வரும் பெரிய திறப்புகளைப் பலகையால் அடைத்துவிடக் கூடாது. குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வெளியேற வழியில்லாமல் போனால், பறவையால் வரும் கேட்டைவிடப் பெரிய கேடு நுரையீரலுக்கு நேரும். அங்கெல்லாம் வலைதான் பொருத்தம். புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண்ணும், மைனாவுக்கு 28 மில்லிமீட்டரும், சிட்டுக்குருவிக்கு 19 மில்லிமீட்டரும் கொண்ட வலை தேவை. மூன்றும் வரும் இடத்தில் 19 மில்லிமீட்டர் வலையை மட்டுமே வாங்குவது நல்லது. வெயிலைத் தாங்கும்படி தயாரித்த எச்.டி.பி.இ. என்னும் உறுதியான பிளாஸ்டிக் வலையாக இருக்கட்டும்.

வலை கட்டுவதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். உத்திரங்களுக்குக் கீழே, உள்கூரை போல, சுவர்களைச் சுற்றி முதலில் எஃகுக் கம்பிக் கயிற்றை ஓட்டி, அரை மீட்டருக்கு ஒரு கொக்கி வீதம் அடித்து, டர்ன்பக்கிள் என்னும் இறுக்கு திருகால் முறுக்கி, அதன்மேல் வலையின் விளிம்பைக் கோத்து இழுத்துக் கட்ட வேண்டும். விரலால் சுண்டினால் வலை துள்ளித் திரும்ப வேண்டும். தொய்ந்து ஆடினால் பறவையின் கால் சிக்கித் தொங்கும், காலப்போக்கில் வலை இன்னும் இறங்கிக் குதிரையின் வாய்க்கும் எட்டும். குதிரை முன்கால்களைத் தூக்கி நின்றாலும் தொட முடியாத உயரத்தில் வலை இருப்பது கட்டாயம். விளக்கும் மின்விசிறியும் உள்ள இடத்தில் திறந்து மூடும் ஜிப் வைத்துத் தைத்துவிட்டால், பழுது பார்க்க வலையை வெட்ட வேண்டியிராது. சிட்டுக்குருவிகள் இரவில் உள்ளேயே அடையும் என்பதால், அவை இரை தேடி வெளியே போயிருக்கும் பகல் நேரத்தில் கடைசி ஓரத்தை மூடுவது நலம்.

வலை கட்ட முடியாத விளிம்புகளில் 45 பாகைக்கு மேல் சரிவாகப் பலகையோ தகடோ பொருத்தினால் புறாவால் அங்கே நிற்க முடியாது. முள்கம்பிப் பட்டைகள் புறாவைத் தடுக்குமே தவிர, சிட்டுக்குருவி அந்த முட்களையே பற்றுக்கோடாக்கிக் கூடு கட்டும். குதிரையின் தலை எட்டும் இடத்தில் அவற்றை வைக்கவே கூடாது. பசைப் பூச்சும் நஞ்சும் கொடுமையானவை. அவற்றை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைகளில் விற்கும் மீயொலிக் கருவிகளை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். மனிதரின் காதுக்கு எட்டாத அந்த உயர் ஒலி பறவைக்கும் கேட்பதில்லை. ஆனால் சுமார் 33 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் காதுடைய குதிரைக்கோ அது கேட்கக்கூடும், நாள் முழுவதும் அதை அமைதியிழக்கவும் செய்யலாம். மின்னும் நாடாக்களுக்கும் பொம்மை ஆந்தைக்கும் பறவை சில நாட்களிலேயே பழகிவிடும். காற்றில் படபடக்கும் நாடாவைக் கண்டு மிரளப்போவது குதிரைதான். இரவில் எலி பிடிக்கும் உண்மையான கூகை அருகில் தங்கினால், அதற்கு லாயத்தின் வெளிப்புறத்தில் ஒரு பெட்டி வைத்துக் காப்பாற்றுங்கள்.

பழைய கூடுகளை அகற்றும்போது குதிரைகளை வெளியே கட்டிவிட்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, எச்சத்தின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்ட பிறகே சுரண்ட வேண்டும். காய்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்குவது மிகவும் தவறு. கண்ணுக்குத் தெரியாத தூசிதான் நோயைச் சுமந்து செல்கிறது.

தீவனப் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கொள்ளையும் தவிட்டையும் மூடியுள்ள டிரம்மில் வைத்து, வேளைக்கு வேளை அளந்து போட்டு, மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். சாணத்தில் செரிக்காத தானியம் இருக்கும் என்பதால் அதையும் அன்றாடம் அள்ள வேண்டும். சிட்டுக்குருவிக்கு இடமில்லாமல் செய்துவிட்டோமே என்ற கவலை இருப்பின், லாயத்தைவிட்டு விலகிய மரத்திலோ மதிலிலோ 32 மில்லிமீட்டர் துளையுள்ள மரப்பெட்டிகளை மாட்டலாம். அந்தத் துளையில் மைனா நுழையாது.

வலையில் ஒட்டடையும் வைக்கோல் தூசியும் படிந்து காற்றை மறைக்கும். ஆகவே மாதம் ஒருமுறை நீண்ட கம்பில் மென்மையான துடைப்பத்தைக் கட்டித் தட்டிவிட்டு, அப்போதே விளிம்புகளில் ஏதேனும் கொக்கி கழன்றிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.