எழுத்துவழித் திகில் ஆட்டத்துக்குக் குழு தேடும்போது நாம் விடும் தவறுகள்

இணையத்தில் எழுத்தினாலேயே ஆடப்படும் ரோல்பிளே விளையாட்டுக்கு வன்னியில் இருக்கும் ஒருவருக்குப் பெரிய வசதி எதுவும் தேவையில்லை. குரல் வேண்டாம், கமரா வேண்டாம், வேகமான இணைப்பும் வேண்டாம்; ஒரு கைப்பேசியும் கொஞ்சம் டேட்டாவும் எழுதும் ஆசையும் போதும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன சொல்கிறது, எதைக் கண்டு பின்வாங்குகிறது என்று எழுதுவார்கள். முடிவு இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடை உருட்டப்படும். இது நேற்று வந்த பழக்கமன்று. 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்ற விளையாட்டில் படம் என்பதே இருக்கவில்லை. பலர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் எழுத்தாலேயே நடமாடினார்கள்.

திகில் இந்த வடிவத்துக்கு மிகவும் பொருந்தும், ஏனென்றால் அடுத்த வரி வரும்வரை காத்திருப்பதே பாதி அச்சம். ஆனால் அதே காரணத்தால், பிழையான குழுவுக்குள் போய்விட்டால் வரும் மனக்கசப்பும் பெரிது. குழு தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் விளையாட்டின் பெயரைத் தேடுகிறார்கள், பிறகுதான் ஆட்களைப் பார்க்கிறார்கள். திகிலைப் பொறுத்தவரை இந்த ஒழுங்கு மாற வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

பெயரைப் பார்த்து மயங்குவதிலிருந்தே தொடங்கலாம். 2005 இல் வெளிவந்த ‘ட்ரெட்’ என்ற திகில் விளையாட்டில் பகடையே இல்லை. ஆடுபவர்கள் மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக உருவ வேண்டும், கோபுரம் எவர் கையில் சரிகிறதோ அவருடைய பாத்திரம் கதையை விட்டுப் போகும். 2015 இல் வந்த ‘டென் கண்டில்ஸ்’ விளையாட்டை இருட்டறையில் பத்து மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்து ஆடுவார்கள். ஒவ்வொன்றாக அணைய அணையக் கதை தன் முடிவை நெருங்கும். இரண்டுமே சிறந்த ஆக்கங்கள். ஆயினும் அவற்றின் உயிர் மேசையிலும் அறையிலும் இருக்கிறது. நடுங்கும் கையும் சரியும் கோபுரமும் இல்லாமல் எழுத்துக்கு அவற்றைக் கொண்டுவருகிறோம் என்று ஒரு குழு சொன்னால், அந்தக் கோபுரத்துக்குப் பதிலாக எதை வைத்திருக்கிறீர்கள் என்று சேர்வதற்கு முன்னரே கேளுங்கள். தெளிவான விடை இருந்தால் நல்லது.

எழுத்தின் வேகத்துக்கும் விதிகளுக்கும் உள்ள பொருத்தம் இன்னும் முக்கியமானது. 1981 இல் முதன்முதலில் வெளிவந்த ‘கோல் ஒஃப் கதுலு’ இன்றுவரை மிக அதிகமாக ஆடப்படும் திகில் ஆட்டங்களில் ஒன்று. அதில் கதை நடத்துபவரைக் கீப்பர் என்பார்கள். பாத்திரத்தின் மனநிலைக்கும் புள்ளிகள் உண்டு, பயங்கரங்களைக் காணக் காண அவை குறையும். அந்த விளையாட்டில் ஒரு தடயத்தைக் கண்டுபிடிக்கப் பகடை உருட்டித் தோற்றுப்போனால், மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஐந்து நிமிடத்தில் வேறு வழி பார்த்துவிடுவார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பதிவு என்ற வேகத்தில் எழுதும் குழுவிலோ அதே தோல்வி ஒரு கிழமையை விழுங்கிவிடும். 2008 இல் வந்த ‘ட்ரெயில் ஒஃப் கதுலு’ இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறது: உரிய திறமையுள்ள பாத்திரம் சரியான இடத்தில் தேடினால் அடிப்படைத் தடயம் கட்டாயம் கிடைக்கும், அதை வைத்து என்ன செய்வது என்பதுதான் சிக்கல். எந்த விதிநூலை வைத்து ஆடினாலும், தடயம் தவறிப்போனால் கதையை எப்படி நகர்த்துவீர்கள் என்று நடத்துபவரைக் கேட்கலாம். சண்டையும் அப்படித்தான். ஐந்து பேர் முறை வைத்து எழுதும்போது ஒரு சுற்று முடிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும் என்றால், ஆறு சுற்றுச் சண்டை ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமை வரை இழுபடும். அதற்குள் அச்சம் ஆறிப்போகும்.

இனி, எல்லாவற்றிலும் கனமான தவறுக்கு வருகிறேன். எவை கதைக்குள் வரக்கூடாது என்பதைப் பேசாமல் சேர்வதுதான் அது.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். முதன்முதலில் நான் சேர்ந்த குழுவில், நீங்கள் தவிர்க்க விரும்பும் விடயங்கள் எவை என்று கேட்டிருந்தார்கள். ‘எதுவானாலும் எனக்குப் பிரச்சினை இல்லை’ என்று எழுதினேன், ஏனென்றால் பயந்தவர் என்று எவரும் என்னை நினைத்துவிடக் கூடாது என்பதே அப்போது என் கவலையாக இருந்தது. நடத்தியவர் தூர நாட்டைச் சேர்ந்தவர், நல்ல மனிதர். மூன்றாவது கிழமையில் அவர் கதையை ஒரு பழைய போர்க்களத்துப் பதுங்குகுழிக்குள் கொண்டுபோனார். முழங்கால் அளவு தண்ணீர், நெருங்கி இருக்கும் ஆட்கள், மேலே நெருங்கி வரும் இரைச்சல் என்று மிக நன்றாகவே எழுதியிருந்தார். மற்றவர்களுக்கு அது ஒரு காட்சி. 2009 இன் முதல் மாதங்களைப் பங்கருக்குள் கழித்த பிள்ளைக்கு அது காட்சியன்று. நான் மூன்று நாட்கள் எதுவுமே எழுதவில்லை. என் டேட்டா முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

எழுத்துவழி ஆட்டத்தின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரே அறையில் இருந்தால் முகம் வெளிறுவதைப் பக்கத்தில் இருப்பவர் காண்பார். எழுத்தில் மௌனம் மட்டும்தான் தெரியும், அந்த மௌனத்துக்கு மழை, மின்வெட்டு, வயல் வேலை, பரீட்சை என்று நூறு காரணங்கள் இருக்கலாம். எனவே நல்ல குழுக்கள் ஆட்டம் தொடங்கும் முன்னரே ‘செஷன் சீரோ’ எனப்படும் முன்னமர்வை வைத்து எல்லைகளைப் பேசிக்கொள்கின்றன. ரொன் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு ஆக்குநர் 2003 இல் முன்வைத்த ‘கோடு’, ‘திரை’ என்ற இரண்டு சொற்கள் இதற்கு இன்றும் பயன்படுகின்றன: கோடு என்றால் அந்த விடயம் கதைக்குள் வரவே வராது, திரை என்றால் கதையில் நடக்கலாம், ஆனால் விரித்து எழுதப்படாமல் காட்சி அப்பால் நகர்ந்துவிடும். ஜோன் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய ‘எக்ஸ்’ அட்டை வேறொரு முறை. மேசையில் எக்ஸ் குறியிட்ட அட்டை ஒன்று இருக்கும். எவராவது அதைத் தொட்டால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டு நகர வேண்டும். எழுத்துக் குழுக்களில் அட்டைக்குப் பதிலாக ஒரு குறியீட்டையோ நடத்துபவருக்கு அனுப்பும் தனிச்செய்தியையோ பயன்படுத்தலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: நீங்கள் குறியிடும் நேரத்தில் அந்த வரிகளை ஏற்கனவே வாசித்து முடித்திருப்பீர்கள். ஆகவே எழுத்தில் பின்னால் நிறுத்துவதைவிட முன்னால் சொல்லிவைப்பதே அதிகம் காக்கும்.

நம் பகுதிக்கே உரிய சில கோடுகள் வெளியூர்க் குழுவினர் நினைவுக்கு வராதவை. காணாமற்போன ஒருவர் இரவில் வந்து கதவைத் தட்டுவது உலகெங்கும் திகில் கதைகளில் வழக்கமான தொடக்கம். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரைத் தெருவோரத்தில் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்தக் கதவுத் தட்டல் வேறு பொருளில் கேட்கும். இதையே எழுத விரும்புபவர்களும் நம்மிடையே இருக்கக்கூடும், அது அவர்களின் உரிமை. ஆனால் தானாகத் தேர்ந்து எழுதுவது வேறு, எதிர்பாராமல் மேலே வந்து விழுவது வேறு. காரணத்தை விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ‘பதுங்குகுழி, விமானத் தாக்குதல், காணாமற்போன உறவினர், இவை கோடு’ என்று ஒரு வரி எழுதினால் போதும். ஏன் என்று துருவிக் கேட்கும் குழுவில் சேராதீர்கள்.

போரைக் கண்டவர்களுக்குத் திகில் விளையாட்டு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. என்றாலும் புளியமரத்து முனியையும் கொத்திப் பேயையும் மோகினியையும் அம்மம்மாவின் மடியில் கேட்டு நடுங்கி, அந்த நடுக்கத்தோடேயே நன்றாகத் தூங்கியவர்கள் நாம். விரும்பியபோது வெளியேறக்கூடிய அச்சம் மனிதருக்கு எப்போதும் வேண்டியிருந்திருக்கிறது. அதனோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும்: உங்கள் ஊர்க் கதைகளைத் தாருங்கள் என்று வெளியூர் நண்பர்கள் கேட்கும்போது எல்லாவற்றையும் பேயாக்கிக் கொடுத்துவிடாதீர்கள். குளக்கட்டில் இருக்கும் ஐயனார் காவல் தெய்வம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிவது நம்பிக்கைக்குரிய அற்புதம். அவை அரக்கர் பட்டியலுக்கு உரியவையல்ல.

நேரத்தைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. 2006 ஏப்ரல் முதல் நமது நேரம் சர்வதேச நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் மாறாமல் இருக்கிறது. கனடாவின் பெரும்பகுதியும் பிரித்தானியாவும் ஆண்டுக்கு இருமுறை தம் கடிகாரத்தை மாற்றுகின்றன. ரொறன்ரோவில் வெள்ளிக்கிழமை இரவு 8.30 என்பது கோடையில் நமக்குச் சனிக்கிழமை காலை 6.00, குளிர்காலத்தில் காலை 7.00. இலண்டனில் மாலை 6.00 என்பது கோடையில் நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. இலண்டன் ஒக்டோபரின் கடைசி ஞாயிறன்று மாறும், ரொறன்ரோ நவம்பரின் முதல் ஞாயிறன்று மாறும் என்பதால், இரு நாட்டவரும் உள்ள குழுவில் இடைப்பட்ட கிழமையில் எவராவது ஒருவர் ஆளில்லாத அறையில் காத்திருப்பார். ஒரே நேரத்தில் கூடி எழுதும் குழுவா, அவரவர் நேரத்தில் பதிவிடும் குழுவா என்பதை முதலிலேயே கேட்டறியுங்கள். பின்னதுதான் நமக்குப் பெரும்பாலும் ஏற்றது. காலபோக விதைப்பிலோ அறுவடையிலோ வீட்டாரோடு வயலில் நிற்க வேண்டியவர்களும் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இத்தனை நாள் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவரின் பாத்திரத்தை நடத்துபவர் பத்திரமாக ஓரிடத்தில் நிறுத்திவைப்பார்.

மொழி பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு: ஆங்கிலம் நன்றாக வந்தால்தான் இதில் சேரலாம் என்பது. திகிலுக்கு வேண்டியது அலங்கார மொழியன்று. ‘கிணற்றடியில் ஒருவர் நிற்கிறார். நாய் குரைக்கவில்லை.’ என்பதை எளிய ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் எந்தக் குழுவிலும் மதிக்கப்படுவார். தமிழ்க் குழுவில் சேர்பவர்கள் யுனிகோடிலா, ஆங்கில எழுத்தில் தமிழா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதிப் பழகியவரின் வரிகள் மற்றவர் கைப்பேசியில் புரியாத குறிகளாகத் தெரியும். இத்தகைய குழுக்கள் பல கூடும் டிஸ்கோர்ட் என்ற உரையாடல் செயலியில், சாதாரணக் கணக்கில் ஒரு செய்திக்கு இரண்டாயிரம் எழுத்துகள்தான் எல்லை. தமிழில் கொம்பும் விசிறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் ஏறத்தாழ இருநூறு சொற்களிலேயே அது நிரம்பிவிடும்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதில் விவாதத்துக்கு இடமில்லை. வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் தொலைபேசி எண் முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போகக்கூடும். பெண்பிள்ளைகள் இதை ஒருபோதும் இலேசாக எடுக்கக் கூடாது. நம் ஊர்கள் சிறியவை: ஊர்ப்பெயரையும் பாடசாலையையும் சொன்னாலே எவரும் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம். டிஸ்கோர்டில் கணக்குத் தொடங்கக் குறைந்தது பதின்மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், ஆனால் திகில் குழுக்களில் பல பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கே உரியவை. வயதைக் கூட்டிச் சொல்லி அவற்றுக்குள் போகாதீர்கள்.

எழுத்துக் குழுக்களில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடுவதும் தவறுதான்: நடந்த ஆட்டம் அப்படியே எழுத்தில் கிடக்கிறது. சேர்வதற்கு முன் பழைய கதை ஒன்றை வாசிக்கத் தருமாறு கேளுங்கள். வாசிக்கும்போது கதையின் சுவையைவிட ஆட்களின் நடத்தையைக் கவனியுங்கள். ஒருவர் மற்றவருடைய பாத்திரம் என்ன செய்தது என்று தானே எழுதிவிடுகிறாரா? பகடையில் தோற்றவரை நடத்துபவர் எப்படி நடத்துகிறார்? மெதுவாக எழுதுபவருக்கு இடம் கிடைக்கிறதா? நல்ல நடத்துநர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிச்செய்தியில் வேறு வேறு விடயங்களைச் சொல்வார், அதனால் உங்கள் பாத்திரம் கண்ட நிழலை மற்றவர்கள் காணமாட்டார்கள். குரல் கேட்கும் மேசையில் செய்யக் கடினமான இந்தத் தனிமை எழுத்தில் இயல்பாக வரும். அதைச் செய்யும் குழு கிடைத்தால் விடாதீர்கள்.

ஆசையில் ஒரே நேரத்தில் மூன்று குழுக்களில் சேர்ந்து, ஒரு மாதத்தில் மூன்றிலிருந்தும் சொல்லாமல் மறைவது புதியவர்கள் செய்வது. ஒன்றில் சேருங்கள், அதிலும் ஆண்டுக்கணக்கில் நீளும் கதையில் அல்லாமல், நான்கு முதல் ஆறு கிழமைக்குள் முடியும் சிறு கதையில் சேருங்கள். ஒத்துவராவிட்டால், என் பாத்திரத்தை எப்படி வெளியே அனுப்பலாம் என்று நடத்துபவரிடம் கேட்டு, கடைசிப் பதிவை எழுதிவிட்டு விலகுங்கள்.

ஏற்ற குழு கிடைக்கவேயில்லை என்றால், ஐந்து பேரைத் திரட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘கோல் ஒஃப் கதுலு’வின் தொடக்க விதிகளை அதன் வெளியீட்டாளரான கயோசியம் இலவசமாகவே தருகிறது, ஆடிப் பார்க்க ஒரு முழுக் கதையும் அதனுள் இருக்கிறது. ஒரு கீப்பரும் ஒரேயோர் ஆட்டக்காரரும் போதும். மச்சாளோ பக்கத்து வீட்டுச் சிநேகிதியோ சம்மதித்தால், அவருடைய கோடுகள் எவை என்று கேட்டுவிட்டு இன்றிரவே தொடங்கலாம்.