கிளிமஞ்சாரோ முதல் முறை ஏறுபவர்களுக்கு: ஏழு நாள் மச்சாமே வழி

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையில் கயிறு கட்டி ஏற வேண்டிய இடம் எதுவும் இந்த வழியில் கிடையாது. 5,895 மீட்டர் உச்சிவரை நடந்தே போகலாம். இருந்தும் பலர் பாதியில் திரும்பக் காரணம், உடம்பு உயரத்துக்குப் பழகுமுன் மேலே போய்விடுவதுதான். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. எவ்வளவு பயிற்சி எடுத்தவருக்கும் அதற்குப் பழக இரவுகள் வேண்டும்.

1. பயண நாட்களைக் கூட்டுங்கள். ஐந்து நாளில் ஏற்றி இறக்கும் மலிவுப் பயணம் வேண்டவே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை, அல்லது ஜூன் முதல் அக்டோபர் வரை போங்கள். ஏப்ரல், மே கடும் மழை. வழிகாட்டி இல்லாமல் மலை இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லை.

2. மூட்டை. சுமைதூக்குபவரிடம் தரும் பை 15 கிலோவைத் தாண்டக் கூடாது. பருத்தி உடை ஒன்றும் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிரில் நடுங்க வைக்கும். கம்பளி உள்ளாடை, இறகு ஜாக்கெட், மழைச் சட்டை, தடித்த கையுறை, நெற்றி விளக்கு, கடுங்குளிருக்கான தூக்கப்பை ஆகியவை கட்டாயம். பூட்ஸைப் புதிதாக வாங்கி அங்கே போட்டுப் பார்க்காதீர்கள், ஒரு மாதமாவது முன்பே நடந்து பழக்குங்கள். தான்சானியாவில் 2019 முதல் பிளாஸ்டிக் கேரி பேக்குகளுக்குத் தடை.

3. காடும் ஊரும். மலையின் தென்சரிவு சாகா மக்களின் நிலம். வாழை நிழலில் காபி, இடையே அவர்கள் வெட்டிய வாய்க்கால்கள். வாழைப்பழத்தோடு கேழ்வரகு முளை சேர்த்து அவர்கள் காய்ச்சும் பானம் ம்பேகே. (நம் கேழ்வரகின் பூர்வீகமும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான்.) சுமார் 1,800 மீட்டரில் உள்ள மச்சாமே வாயிலிலிருந்து மழைக்காட்டின் வழியே 3,000 மீட்டர் முகாமுக்கு முதல் நாள் நடை. வழிகாட்டி ‘போலே போலே’ என்பார். சுவாஹிலியில் ‘மெல்ல மெல்ல’. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அதுதான் சரியான வேகம்.

4. மேலே ஏறி, கீழே தூங்குங்கள். இரண்டாம் நாள் இரவு ஷிரா முகாம், சுமார் 3,840 மீட்டர். மூன்றாம் நாள்தான் இந்த வழியின் உயிர்நாடி: 4,600 மீட்டர் தாண்டிய லாவா டவர் என்ற எரிமலைப் பாறைவரை ஏறி, மதியம் அங்கே இருந்துவிட்டு, சுமார் 3,960 மீட்டரில் உள்ள பராங்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குவீர்கள். அன்று தலைவலி வருவது சகஜம்; இறங்கினால் தணிய வேண்டும்.

பராங்கோவில் ராட்சத செனேசியோ மரங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். காய்ந்த இலைகள் உதிராமல் தண்டைச் சுற்றிப் போர்வைபோலத் தொங்கும். உள்ளே ஓடும் நீர் உறையாமல் இருப்பது அதனால்தான். இரவில் நுனி இலைகள் குவிந்து குருத்தை மூடிக்கொள்ளும்.

நான்காம் நாள் பராங்கோ சுவர் என்ற செங்குத்தான பாறைச் சரிவு. கையூன்றி ஏற வேண்டிய இடங்கள் உண்டு, ஊன்றுகோலைப் பையில் கட்டிவிடுங்கள். அன்றிரவு கரங்கா முகாம், மறுநாள் பராஃபு முகாம். பராஃபு என்ற பெயருக்கே சுவாஹிலியில் பனிக்கட்டி என்று பொருள்.

5. உடம்பைக் கவனியுங்கள். தினமும் 3 முதல் 4 லிட்டர் தண்ணீர். பசி செத்துப் போகும், ஆனாலும் சாப்பிடுங்கள். உயரத்துக்குப் பழக உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை மருத்துவரைக் கேட்டு மட்டும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். யாருக்காவது பேச்சு குழறினால், குதிகாலை விரல்முனையில் ஒட்டி நேர்கோட்டில் நடக்க முடியாவிட்டால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே இறக்குங்கள். உயிரைக் காப்பது அதுதான்.

6. உச்சி இரவு. பராஃபுவிலிருந்து நள்ளிரவில் கிளம்பினால் 1,200 மீட்டர் ஏற்றம், ஆறேழு மணி நேரம். தண்ணீர்ப் பையின் குழாய் உறைந்துவிடும். பாட்டிலில் ஊற்றி, தலைகீழாக, கம்பளி சாக்ஸுக்குள் வையுங்கள். மேற்பக்கம் முதலில் உறைவதால் மூடிப்பக்கம் திறந்தபடி இருக்கும். பேட்டரிகளை மார்போடு வையுங்கள். எரிமலை வாயின் விளிம்பில் உள்ள ஸ்டெல்லா பாயிண்ட் வந்ததும் முடிந்தது என்று உட்காராதீர்கள், உச்சியான உஹுரு இன்னும் முக்கால் மணி நேரம். ‘விடுதலை’ என்று பொருள்படும் அந்தப் பெயர் 1961 சுதந்திரத்தின் நினைவு.

7. இறக்கம். அன்றே 2,800 மீட்டர் இறங்கி ம்வேகா முகாம். புறப்படுமுன் கால் நகங்களை ஒட்ட வெட்டி, கணுக்கால் பக்கம் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள்; இல்லையேல் விரல் பூட்ஸ் முனையில் இடித்து நகம் கறுத்துப்போகும். ம்வேகா வாயிலில் சுமைதூக்கியவர்களுக்கான அன்பளிப்பை ஒவ்வொருவர் கையிலும் நேரடியாகக் கொடுங்கள்.